ஒன்றரை அங்குலம்

லட்சுமணசாமி நாயுடுவின் வெர்னியர் அளவுகோலுக்குத் தப்பிப் பிழைத்த பொம்மைக் கார் ஒன்றுகூடக் கிடையாது. பீளமேட்டில் பம்பு வார்க்கிற பவுண்டரி அவருக்குச் சொந்தம். நாற்பது பேர் வேலை செய்தார்கள். ஆனால் ஊரில் அவர் பேச்சை எடுத்தால் பம்பைப் பற்றி யார் பேசினார்கள்? "அந்தப் பொம்மைக் கார் நாயுடுங்களா?" என்றுதான் கேட்பார்கள். நாற்பத்தெட்டு வயது மனிதர், உள்ளங்கை நீளக் கார்களைக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்து, ஞாயிறு தோறும் ஒவ்வொன்றாக எடுத்து அளந்துகொண்டிருந்தால் ஊர் வேறு எப்படித்தான் பேசும்!

ஊட்டியிலும் குன்னூரிலும் தோட்டம் வைத்திருந்த துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. போகிறவர்கள் கட்டில், மேஜை, பீங்கான் எல்லாவற்றையும் பங்களா வாசலில் பரப்பி ஏலம் விடுவார்கள். மற்றவர்கள் பியானோவுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் அடித்துக்கொண்டிருக்க, நம்மவர் மட்டும் துரை வீட்டுப் பிள்ளைகள் விளையாடித் தீர்த்த இரும்புக் கார்களைத் தேடி ஒரு மூலையில் குந்தியிருப்பார். இப்படிச் சேர்ந்தவை அறுபத்து மூன்று. "நாயன்மாரு கணக்கு சரியாப் போச்சுங்க. கோயல்லகூட இத்தன அபிசேகம் நடக்கறதில்லீங்க" என்பாள் அவர் மனைவி பத்மாவதி.

சேர்ப்பதோடு விட்டாரா? அதுதான் இல்லை. ஒரு மாடல் கைக்கு வந்தால் அதன் அசல் கோயமுத்தூரில் யார் வீட்டில் நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு போவார். டேப்பை வைத்து நீளம், அகலம், விளக்குக்கு விளக்கு தூரம் எல்லாம் அளந்து, மாடல்கள் அசலில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு என்பதால் நாற்பத்து மூன்றால் வகுத்து, மாடலோடு ஒத்துப் பார்ப்பார். பிறகு நோட்டில் மார்க். நூற்றுக்கு அதிகபட்சம் எண்பத்தொன்று. அதையும் மனசில்லாமல்தான் போட்டார்.

எல்லா மாடல்களிலும் அவர் கண்ட ஒரே பொதுக் குற்றம் உயரம். சீமை மாடல்கள் அத்தனையும் தாழ்ந்து கிடந்தன. ஏன் கிடக்காது? நம் பக்கத்தில் புதுக் கார் வாங்கினால் முதலில் கோயில் வாசல், அடுத்தது பட்டறை வாசல். வண்டித் தடத்திலும் ஓடைக்கல்லிலும் அடி தட்டாமல் இருக்க, பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு புறமும் ஒரு பட்டை கூடுதலாகச் செருகி ஒன்றரை அங்குலம் தூக்கிவிடுவார்கள். இது லட்சுமணசாமிக்கும் தெரியும். தெரிந்தும் ஒப்புக்கொள்ள மாட்டார். "அசல்னா என்ற கண்ணு முன்னால நிக்கறதுதான் அசல். லண்டன்ல நிக்கறதை நானு பாத்தனா?" என்பார். போதாததற்கு, உயரத்தைச் சரிசெய்யும்படி சீமைக் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடுதாசி வேறு எழுதினார். அவர்கள் நன்றி சொல்லி நாலு வரி பதில் போட்டார்கள். அதைத் தப்பை ஒப்புக்கொண்ட கடுதாசியாகவே வைத்துக்கொண்டார். பிடிவாதம் என்றால் அப்படி இப்படிப் பிடிவாதம் இல்லை.

கடுதாசியோடு நின்றாரா, கையாலும் திருத்தினார். ஐம்பத்தேழில் அவருடைய மாமன் மகன் வெங்கடபதியின் இந்துஸ்தான் பதினாலு காரை அங்குலம் அங்குலமாக அளந்தார். வெங்கடபதிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் நூல் மில். அந்தக் காரின் சீமைப் பிரதியான மாரிஸ் ஆக்ஸ்போர்டு, மாடலாக இவர் அலமாரியில் இருந்தது. அதன் பின் அச்சுக்கு மேல் செப்புத் தகட்டை மடித்துச் செருகி, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய உயர்த்தினார். அன்றைக்கு அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பூமியில் வெங்கடபதி காருக்கு இரட்டைப் பிறவி உண்டென்றால் அது தன் அலமாரியில்தான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அறுபத்தொன்று ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, அந்த அசல் கார் மாடு பூட்டி இழுக்கப்பட்டு மில்லுக்குள் வந்து சேர்ந்தது. பின்னால் பெட்ரோல் டேங்க் கிழிந்து, ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் ஒழுகியிருந்தது. டிரைவர் அங்கப்பன் கோயமுத்தூர் கூட்ஸ் ஷெட்டிலிருந்து நூல் சுற்றுகிற பாபின் கட்டைகள் நாலு பெட்டியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஒரு மணிக்கு வர வேண்டியவன். வந்தது நாலு மணிக்கு. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை ஒட்டித் துருத்திக்கொண்டிருக்கும் கல்லில் டேங்க் அடிபட்டது என்றான்.

வெங்கடபதிக்கு வந்ததே கோபம்! "ஆறு வருசமா நாளைக்கு நாலு தடவ அந்தக் கேட்டைத் தாண்டற வண்டி. ஒரு நாளாச்சும் தட்டுச்சா? இன்னைக்கு மட்டும் கல்லு மொளைச்சு வந்துச்சா? கேட்டுக்கு அந்தப் பக்கம்தானே உன்ற மாமனார் ஊடு? இட்டேரிக்குள்ள உட்டு, உங்க வளவுல நாலு பேருத்துக்கு முதலாளி காரைக் காட்டிப்போட்டு வந்திருக்கற. நெசத்தைச் சொல்லு!"

இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலியும் நடுவில் பாறையுமாகக் கிடக்கும் மாட்டுத் தடம். அதில் கார் விட்டால் டேங்க் கிழியத்தான் கிழியும். அங்கப்பன் வளவு ஆள்; ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த சேரிதான் வளவு. அவனுடைய அப்பன், வெங்கடபதியின் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவன். அந்தத் தெருவுக்குள் தன் கார் போனது என்பதுதான் வெங்கடபதிக்கு டேங்க் கிழிந்ததைவிட எரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்வாரா?

"இல்லீங்க முதலாளி. என்ற கொழந்த மேல ஆணையாச் சொல்றனுங்க, கேட்டுலதான்."

வழக்கைத் தீர்க்கப் பீளமேட்டிலிருந்து லட்சுமணசாமியை, முறைப்படி 'பாவா' என்று தான் கூப்பிடும் அத்தானை, வரவழைத்தார் வெங்கடபதி. லட்சுமணசாமி சும்மா வரவில்லை. வருகிற வழியிலேயே கேட்டில் இறங்கிக் கல்லை அளந்தார்: ஏழரை அங்குலம். மாடலைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பகல் ஷிப்டு விட்ட நேரம்; ஆபீஸ் வாசலில் அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். மேஜைமேல் மாடலை நிறுத்தி, டேங்கின் அடிக்கு வெர்னியரை வைத்து, நாற்பத்து மூன்றால் பெருக்கி அறிவித்தார்.

"தரையிலிருந்து டேங்க்கு ஒம்பதரை அங்குலம். பெட்டிப் பாரத்துக்கு ஒண்ணு கழிச்சாலும் எட்டரை. கல்லு ஏழரை. ஒரு அங்குலம் எடம் இருக்குது. அடிபட வாய்ப்பே இல்ல."

கூட்டத்தில் யாரோ 'அடேங்கப்பா' என்றார்கள். லட்சுமணசாமிக்கு அது இனிக்கத்தான் செய்தது.

அங்கப்பன் கையைக் கட்டிக்கொண்டு முன்னே வந்தான். "ஐயா, பையன் காதுகுத்துக்கு நாலு நாளு லீவுல போயிருந்தனுங்க. இன்னைக்குக் காலைல வந்து எடுத்ததுலிருந்தே வண்டி பின்னால பதிஞ்சு போவுதுங்க. பழைய வண்டி மாதிரி இல்லீங்க. ஷெட்டுலதானுங்க நிக்குது. ஒருக்கா குனிஞ்சு பாருங்க."

"நாலு நாள்ல ஸ்பிரிங்கு உருகிப்போயிருமா?" என்றார் லட்சுமணசாமி. கூட்டம் சிரித்தது. ஷெட் இருபது எட்டில் இருந்தது. அவர் போகவில்லை. போக வேண்டிய தேவை இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கார்தான் மேஜைமேல் நிற்கிறதே!

அன்றைக்கே அங்கப்பனுக்குச் சீட்டுக் கிழிந்தது. அவனுடைய லைசென்ஸ் புத்தகத்தை வெங்கடபதி தன் மேஜைக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார். லைசென்ஸ் இல்லாத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? அதோடு, முதலாளி காரைத் திருட்டுத்தனமாக ஓட்டினவன் என்ற பேச்சு மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க ஒரு வாரத்தில் பரவிவிட்டது.

ஐப்பசியில் வெங்கடபதி வீட்டு விருந்துக்கு லட்சுமணசாமியும் பத்மாவதியும் போனார்கள். இலை போட்டுச் சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, வெங்கடபதியின் மனைவி வெங்கடம்மாள் தன் இடுப்பு வலிக் கதையை எடுத்தாள். அவளுக்கு லட்சுமணசாமி அண்ணன் முறை.

"இப்பப் பரவால்லீங்கண்ணா. முன்னாடி அந்தக் காருல ஏறுனா இடுப்பு ரெண்டாப் போயிரும். இப்பத் தொட்டில்ல போற மாதிரி இருக்குதுங்க. அவரு பம்பாய் போயிருந்தாரில்லீங்க, அந்த ஆவணியில? அப்ப ஒரு பட்டறை மேஸ்திரிய ஊட்டுக்கே கூப்பிட்டு, தூக்கிப்போடாம பண்ணுப்பான்னு சொன்னனுங்க. என்னமோ ரெண்டு பட்டையை உருவிப்போட்டான். அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. காரைக் கேக்காமத் தொட்டேன்னு குதிப்பாரு."

லட்சுமணசாமி வாய்க்குள் போட்ட வெற்றிலையை மெல்லவில்லை. "அந்தப் பட்டை எங்கம்மா?"

"மாட்டுக் கொட்டாயிலதானுங்க கெடக்கும்."

எழுந்து போனார். தவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பட்டைகளும் துருவேறிக் கிடந்தன. கையில் எடுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, காரை ஒன்றரை அங்குலம் தூக்கி நிறுத்தியிருந்த அதே பட்டைகள். ஒன்பதரையில் ஒன்றரை போனால் எட்டு. பெட்டிப் பாரத்துக்கு ஒன்று போனால் ஏழு. கல் ஏழரை. மாட்டுக் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார் மனிதர். அங்கப்பன் சொன்னது அத்தனையும் நிஜம். காலமெல்லாம் அசலை வைத்து மாடலுக்குத் தீர்ப்புச் சொன்னவர், அன்றைக்கு ஒரே ஒரு நாள் மாடலை வைத்து அசலுக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அங்கப்பனை ஏன் நிறுத்தினார்கள் என்று வெங்கடம்மாளுக்குத் தெரிந்திருக்கவே இல்லை. எதிர்த்துப் பேசினான், அனுப்பிவிட்டேன் என்று மட்டும் வெங்கடபதி சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்ததும் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "அய்யோ, என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களாண்ணா!" என்றாள். பிறகு அவளே போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவரும் குதித்தார்தான். ஆனால் குதித்து முடித்து வெளியே வந்து லட்சுமணசாமியின் தோளில் கை போட்டார்.

"சரி உடுங்க பாவா. மதுக்கரையில கல்லு சொமக்கறானாம், ஆளு அனுப்பிச்சு வரச் சொல்லிப்போடறேன். பழையபடி ஓட்டட்டும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நாலு பேருத்துக்கு முன்னால உங்க பேரு எதுக்குக் கெடோணும்?"

இந்த யோசனை லட்சுமணசாமிக்குப் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? கண் தப்பாது என்று பெயர் எடுத்த மனிதர். ஊட்டியிலிருந்து ஒரு துரைகூட ஒரு முறை தன் மாடலைக் கொடுத்துத் தீர்ப்பு வாங்கிப் போயிருக்கிறார். அந்தப் பெயரை மில் வாசலில் போட்டு உடைக்க யாருக்கு மனசு வரும்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த பத்மாவதி, துணியை உதறிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பொம்மைக்கு உசரம் கொறைஞ்சுதுன்னு சீமைக்கே லெட்டர் போட்டீங்க. பொளைப்பு போனவனுக்கு ஒரு வார்த்தை சொல்றதுக்கு மதுக்கரைக்குப் போக முடியலீங்களா?"

போனார். அங்கப்பன் மதுக்கரையில் சுண்ணாம்புக் கல் வெட்டுகிற இடத்தில் கூடை சுமந்துகொண்டிருந்தான். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி, அடையாளமே தெரியவில்லை. அவன் மனைவி பொன்னாத்தாளும் அங்கேதான் வேலை செய்தாள். ஸ்டியரிங் பிடித்த அவன் கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் லட்சுமணசாமிக்கு, பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த பேச்செல்லாம் மறந்துபோனது.

"அங்கப்பா, தப்பு என்ற மேலதான்" என்றார். பட்டை உருவின கதையைச் சொன்னார். முதலாளி திரும்பக் கூப்பிடுகிறார் என்றும் சொன்னார்.

அங்கப்பன் கூடையைக் கீழே வைத்தான். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவன் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. "இங்க வந்து சொல்றீங்க, சரிங்க. இந்தக் கல்லுக்குத்தான் கேக்கும். அன்னைக்கு அத்தன பேருத்துக்கு முன்னால சொன்னீங்கல்லங்க? என்ற மாமனாரு அதுலிருந்து எங்க ஊட்டுக்கு வரதில்லீங்க. அவரு ஊட்டுக்குப் போறதுக்குத்தான் வண்டியத் திருடுனேன்னு ஊரே சொல்லுது. அந்தக் கேட்டுக்கு வந்து சொல்லுங்க."

"வாரேன்" என்றார் லட்சுமணசாமி.

அடுத்த திங்கட்கிழமை, பகல் ஷிப்டு விடுகிற நேரம். ரயில்வே கேட்டில் கூட்டம் நெருக்கியது. விஷயம் எப்படியோ பரவி, கேட்டுக்கு அந்தப் பக்கத்து வளவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். காரை ரிப்பேர் செய்து புது டேங்க் போட்டிருந்தார் வெங்கடபதி; உருவின பட்டைகளை மட்டும் இன்னும் திரும்பச் செருகவில்லை. அதன் டிக்கியில் நாலு பாபின் பெட்டிகளை ஏற்றச் சொன்னார் லட்சுமணசாமி. அங்கப்பனை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார்.

"பாவா, டேங்க் புதுசு!" என்று பதறினார் வெங்கடபதி.

"தெரியும். இன்னொண்ணு நான் வாங்கித் தாரேன். நீ சும்மா இரு."

அங்கப்பன் நடக்கிற வேகத்தில் விட்டான். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கும்போது, கல்லில் தகரம் உராய்கிற சத்தம் கேட்டது. கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். கார் நின்றது. லட்சுமணசாமி வெள்ளை வேட்டியோடு ரோட்டில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையை நுழைத்தார். சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் அவர் சட்டையில் விழுந்தது. யாராவது பீடி பற்ற வைத்துவிடப் போகிறார்கள் என்று கேட் கீப்பர் கத்தினார்.

தூசியும் பெட்ரோலுமாக எழுந்து நின்றார். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "அங்கப்பன் இட்டேரிக்குள்ள போவலை. டேங்க் இந்தக் கல்லுலதான் கிழிஞ்சுது. ஸ்பிரிங்குப் பட்டையை உருவுனது அவனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டியவன் நானு. பாக்காமச் சொன்னேன். பொய் சொன்னது அவனில்ல."

வளவிலிருந்து வந்த கூட்டத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர், அங்கப்பனின் மாமனார், தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெங்கடபதி பையிலிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "நாளைக்குக் காலைல வந்துரு. பழைய சம்பளத்துக்கு மேலயே போட்டுத் தாரேன்" என்றார். அங்கப்பன் புத்தகத்தை வாங்கி, தன் போட்டோ இருக்கிற பக்கத்தைத் திறந்து பார்த்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"வேண்டாமுங்க முதலாளி. மதுக்கரையில லாரிக்கு ஆளு கேட்டுட்டிருக்காங்க. இது இல்லாமத்தான் சேத்துக்காம இருந்தாங்க. நானு அங்கயே இருந்துக்கறனுங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கார்ச் சாவியைத் துடைத்து வெங்கடபதி கையில் கொடுத்தான்.

பொன்னாத்தாளும் கூட்டத்தில் அப்பன் பக்கத்தில் நின்றிருந்தாள். இப்போது லட்சுமணசாமியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு அம்மணி."

"அன்னைக்கு வண்டி பதியுதுன்னு இவரு சொன்னாருங்களே. அதையே முதலாளி சொல்லியிருந்தா, ஷெட்டுக்குப் போயிக் குனிஞ்சு பாத்திருப்பீங்கல்லங்க?"

லட்சுமணசாமி வாயைத் திறந்தார். சொல்வதற்கு மூன்று சமாதானம் இருந்தது: டேங்க்கைக் கழற்றியிருந்தார்கள், இருட்டப் பார்த்தது, கணக்கு சரியாக இருந்தது. அவள் நகராமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்திருப்பேன், அம்மணி" என்றார்.

பொன்னாத்தாள் தலையை ஆட்டினாள். புருஷனோடும் அப்பனோடும் தண்டவாளத்தைத் தாண்டி, இட்டேரி வழியாக அப்பன் வீட்டுக்கு நடந்து போனாள்.